குடம் இல்லாமல் வந்தவர்கள்

கள்ளிக்குப்பத்தில் பஸ் நின்று அரைமணி ஆகிறது. முகப்பேரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறேன். முன்னால் நாற்பது பெண்கள் ரோட்டை மறித்து உட்கார்ந்திருக்கிறார்கள். தெருவுக்குக் குடிநீர்க் குழாய் வேண்டுமாம். இறங்கிப் போய், ஓரமாக இருப்பவளிடம் கேட்கிறேன்.

"இன்னாமா, ஒருத்தி கையிலயும் கொடத்தக் காணோம்?"

"போன தபா கொடத்தோட குந்தினோம் ஆயா. தண்ணி லாரிய அனுப்பிட்டாங்க. அல்லாரும் எழுந்து வரிசைக்கு ஓடிட்டோம். ரோடு காலி, பஸ்ஸு பாட்டுக்குப் போய்க்கினு கீது. கொழா வரவேயில்ல. அதான் இன்னிக்குக் கொடத்த ஊட்ல வச்சுப் பூட்டிட்டு வந்துட்டோம்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, லாரி வந்து நிற்கிறது.

"தண்ணி வந்துடுச்சும்மா, எழுந்திரிங்க" என்கிறார் போலீஸ்காரர்.

"நீயே புடிச்சிக்கினு போ அண்ணாத்தே!" என்கிறாள் என்னோடு பேசிய இவள். எல்லோரும் சிரிக்கிறார்கள்.

லாரிக்காரன் ஆசை காட்ட லாரிக் குழாயைத் திறந்துவிடுகிறான். வெயிலில் தண்ணீர் பளபளவென்று கொட்டுகிறது. சிரிப்பு நின்றுவிடுகிறது. இளம்பெண் ஒருத்தி எழப் பார்க்கிறாள். இவள் அவள் கையைப் பிடித்து இழுக்கிறாள்.

"குந்துடி!"

நாற்காலி போடாத வீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. இப்போது இவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருகிறேன். தண்ணீர் ஓடி வந்து எங்கள் புடவைகளை நனைக்கிறது. ஒருத்தியும் எழவில்லை.