காகிதம் பறந்த பிறகும் படித்த பெண்

நாலு வாரத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் ஒரு சிறுமியைப் பற்றி எழுதியிருந்தேன். மயிலாப்பூரில் ஒரு பள்ளி விழா, எழுத்துகள் மனதில் நிற்காத ஐந்தாம் வகுப்புப் பெண், அவள் மேடையேறி மைக் முன்னால் கணீரென்று படித்த வரவேற்புரை... ஞாபகம் இருக்கிறதா? படித்துவிட்டு அழுததாக அசோக் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். பலர் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். எனக்கே நாலு தரம் திரும்பி வந்தது.

தயவுசெய்து அதை மறந்துவிடுங்கள். அது பொய்.

வேண்டுமென்றே சொன்ன பொய் இல்லை. ஆனால் அந்தச் சமாதானம் எனக்குத்தான் உதவுகிறது. அந்தப் பெண்ணுக்கு உதவவில்லை.

போன வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அடையாறு வீட்டில் காலிங் பெல். கதவைத் திறந்தால், கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒரு பெண்மணி. கையில் லேமினேட் செய்த ஒரு தாள். என் பத்திதான். மேலே போட்டோவில் நான் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டோகிராஃப் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்... பேனாவைக்கூடத் தேடினேன். வெட்கக்கேடுதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

"நான் அந்தப் பாப்பாவோட அம்மா மேடம். செல்வி. தி.நகர்ல துணிக்கடை வாசல்ல மெஷின் போட்டுக்கினு புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறேன். ஸ்கூல் வேன் டிரைவர்தான் உங்க வூட்ட காட்டுனாரு."

விழா முடிந்து, சிறப்பு விருந்தினரான என்னை வீட்டில் இறக்கிவிட்டவர் அந்த டிரைவர். "அடடே, வாங்க வாங்க! பொண்ணு எப்படி இருக்கா?"

"இன்னாத்த சொல்றது மேடம். நீங்க இத எழுதிட்டீங்க. அதோட பாப்பாவோட தனி கிளாஸ நிறுத்திட்டாங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், வாங்கி அப்படியே டீப்பாயில் வைத்துவிட்டார்.

"பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது மேடம்."

"மேடையில படிச்சாளே... நானே பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேனே?"

"அது மனப்பாடம். தமிழ் மிஸ் மூணு வாரமா சொல்லிக் குடுத்தாங்க. பேப்பர கையில புட்ச்சிக்கோ, அப்பப்ப கீழ பாரு, இந்த வார்த்த வந்தா பக்கத்த திருப்புன்னு. வூட்ல கண்ணாடி முன்னாடி நின்னுக்கினு திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. நம்ம பொண்ணு மேடையேறுதேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

இப்போது நான் அன்று எழுதியதை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். கசக்கிறது, ஆனாலும் செய்கிறேன்.

மேடையோரம் ஒரு பெரிய ஸ்டாண்டு ஃபேன். வரவேற்புரையின் பாதியில் அவள் கையிலிருந்த காகிதங்கள் பறந்து, கரஸ்பாண்டெண்ட் நாற்காலிக்கு அடியில் போய் விழுந்தன. அவள் நிறுத்தவில்லை. வெறும் கையை அப்படியே பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து பார்த்தபடி தொடர்ந்தாள். சரியான இடம் வந்ததும், கையில் இல்லாத பக்கத்தை ஒரு தடவை திருப்பவும் செய்தாள். நான் அதைப் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்!

பார்த்துவிட்டு என்ன எழுதினேன் தெரியுமா? 'காகிதம் பறந்தது, அவள் தமிழ் பறக்கவில்லை.' எழுதி முடித்ததும் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் தனியாக எடுத்து அனுப்பினார்கள்.

அச்சுக்குப் போகுமுன் என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பொதுப்பணித் துறையில் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர். "பேப்பர் பறந்துபோச்சுன்னா, அப்புறம் எதைப் பார்த்துப் படிச்சா?" என்று கேட்டார். "உங்களுக்கு ரசனைன்னு ஒண்ணு கடவுள் வைக்கவே இல்லை" என்று வாயை அடைத்துவிட்டேன். ரசனை உள்ளவளுக்குத் தோன்றாத கேள்வி அது.

செல்வி கிளம்பியதும், அவர் கொடுத்த நம்பரில் ஹேமாவுக்கு போன் செய்தேன். அந்தப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு எடுத்தவர் இந்த ஹேமா மிஸ்தான். ஆதம்பாக்கத்திலிருந்து தினமும் ரயில் ஏறி வருகிற இளம்பெண். தினம் முக்கால் மணி நேரம். ஒரு தட்டில் ரவையைப் பரப்பி, அதில் விரலால் எழுத்தை எழுதவைப்பார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்கச் சொல்வார். கண்ணில் நிற்காத எழுத்து விரலில் நிற்குமாம். இரண்டு வருடத்தில் அந்தப் பெண்ணுக்கு அவள் பெயரும், அதைத் தவிர ஒரு பன்னிரண்டு எழுத்தும் வந்திருந்தன.

இரண்டு வருடம், பன்னிரண்டு எழுத்து. இதை எழுதியிருந்தால் யார் அழுதிருப்பார்கள்? யார் குரூப்பில் போட்டிருப்பார்கள்?

"அவளுக்கு மனப்பாட சக்தி ஜாஸ்தி மேடம்," என்றார் ஹேமா. "அதுதான் பிரச்னையே. ஒரு தடவை கேட்டா போதும், படிக்கிற மாதிரியே ஒப்பிச்சுடுவா. நாலு வருஷம் கிளாஸ்ல அப்படித்தான் சமாளிச்சிருக்கா. 'எனக்கு இந்த எழுத்து தெரியல மிஸ்'னு அவ வாயால சொல்லவைக்கறதுக்கே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. இப்ப அவளை மேடையேத்தி, அதே ஏமாத்துக்குக் கைதட்டு வாங்கிக் கொடுத்துட்டாங்க."

"நீங்க தடுக்கலியா?"

"மாட்டேன்னு சொன்னேன். அதனாலதான் தமிழ் மிஸ்கிட்ட கொடுத்தாங்க." அப்புறம் சொன்னார். "மேடம், தப்பா நினைக்காதீங்க. விழா முடிஞ்சு நீங்க அஞ்சு நிமிஷம் என் ரூமுக்கு வந்திருந்தா, ரவைத் தட்டுல அவளையே எழுதிக் காட்டச் சொல்லியிருப்பேன். காத்துக்கிட்டு இருந்தோம். உங்களை டிபன் சாப்பிடக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

உண்மைதான். போண்டாவும் ரவா கேசரியும். கேசரி பிரமாதம் என்று இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எனக்கு ரவை கேசரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை நேரே பள்ளிக்குப் போனேன். வாசலில் நுழைந்ததுமே நோட்டீஸ் போர்டில் என் பத்தி, பெரிது பண்ணி, சுற்றி ஜரிகை ஒட்டி. கரஸ்பாண்டெண்ட் எழுந்து நின்று வரவேற்றார். எதிரில் உட்காரச்சொல்லி காபி சொன்னார். நல்ல மனிதர். கொடுமையே அதுதான்... அவர் வில்லனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்!

"ஹேமா கிளாஸை ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"பொண்ணுதான் தேறிட்டாளே மேடம்! நீங்களே எழுதிட்டீங்களே."

"அவ படிக்கலை சார். ஒப்பிச்சா. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் காபியை ஆற்றினார். "தெரியும், தெரியாதுன்னு எப்படிச் சொல்றது? குழந்தைக்கு ஒரு சான்ஸ் கொடுக்கலாம்னு நினைச்சோம். கூச்சம் போகட்டும்னு. நீங்க இவ்வளவு பெரிசா எழுதுவீங்கன்னு யார் கண்டா? இப்ப பாலவாக்கத்துலேர்ந்தெல்லாம் பேரன்ட்ஸ் வந்து, இது படிப்பு வரவைக்கிற ஸ்கூலாமேன்னு கேக்கறாங்க. அவங்க எதிர்ல அதே பொண்ணை இன்னும் ரவைத் தட்டு முன்னால உட்காரவெச்சா, என்ன நினைப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

ஹேமா இப்போது லீவில் போகும் யு.கே.ஜி. டீச்சர்களுக்குப் பதிலாளாம். அவர் வகுப்பு எடுத்த அறையில் ஆண்டு விழா திரைச்சீலைகளை மடித்து அடுக்கியிருக்கிறார்கள். நானே எட்டிப் பார்த்தேன்.

"நான் எழுதினது தப்புன்னு எழுதப்போறேன் சார்," என்றேன்.

"தாராளமா எழுதுங்க. ஸ்கூல் பேரை நீங்க அப்பவும் போடலை, இப்பவும் போட மாட்டீங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்லை. ஆனா அந்தப் பொண்ணை யோசிங்க. படிச்சுட்டான்னு ஊரே கொண்டாடின குழந்தை. இப்ப படிக்கத் தெரியாதுன்னு எழுதினா அவ எப்படி கிளாஸுக்கு வருவா?"

எழுந்து வந்தேன். காபி நன்றாக இருந்தது என்று வேறு சொல்லித் தொலைத்தேன். பழக்க தோஷம்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நமக்கு ஏன் இந்த அவசரம்? கால் உடைந்தவன் ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தால் பொறுத்துக்கொள்கிறோம். எழுத்து வராத குழந்தைக்கு மட்டும் மூன்றே வாரத்தில் மேடை, மைக், பொன்னாடை! அந்தக் குழந்தை படிக்க வேண்டும் என்பது நம் ஆசை இல்லை. அது படிப்பதை நாம் பார்க்க வேண்டும், பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். நான் அதற்கும் மேலே ஒரு படி போய், அதைப் பத்தியாக வேறு எழுதினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர் போனேன். செல்வியின் அனுமதி இல்லாமல் இன்னொரு தடவை அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். கூட்டத்தில் நசுங்கிக் கடை வாசலைக் கண்டுபிடித்தேன். செல்வி மெஷினை மிதித்துக்கொண்டிருக்க, பக்கத்தில் ஸ்டூலில் அவள். ஒரு அம்மாள் மாம்பழ மஞ்சளுக்கும் சந்தன நிறத்துக்கும் நடுவில் ஏதோ ஒரு கலரில் புடவையை நீட்டினார். அவள் ஐம்பது அறுபது ஃபால்ஸ் அடுக்கிலிருந்து ஒன்றை உருவினாள். அச்சாக அதே கலர். இரண்டாவதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். கரஸ்பாண்டெண்ட் பயமுறுத்தியதையும் மறைக்காமல் சொன்னேன்.

செல்வி ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊரு பேசினா பேசிக்கினு போவுது மேடம். அவங்களா வந்து அதுக்கு எழுத்து சொல்லித் தரப்போறாங்க? எனக்கு அந்த முக்கா மணி நேரம் வேணும். அத்த வாங்கிக் குடுங்க. வேற இன்னா வேணா எழுதிக்கோங்க."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, போர்டுல ஒட்டிக்கிறாங்களே, அது என்னியப் பத்தி எழுதுனதா?"

"ஆமாண்டா கண்ணு."

"நெசமாவா?" நம்பாத முகம். "நான் அதுல என் பேர தேடுனேன் ஆன்ட்டி. மூணு நாளு, இன்டர்வெல்ல யாரும் இல்லாதப்போ. விரல வெச்சி ஒவ்வொரு வரியா தேடுனேன். கெடைக்கவே இல்ல." கையிலிருந்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "என் பேரு ஒண்ணு மட்டும் எனக்கு நல்லா தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். அதுவும் தெரியல போல."

அய்யோ.

நான் அவளுக்கு அந்தப் பத்தியில் 'தமிழினி' என்று பெயர் வைத்திருந்தேன். அடைப்புக்குறிக்குள், பெயர் மாற்றப்பட்டுள்ளது. அதுதானே பத்திரிகை நாகரிகம்? அத்தனை ஜோடிப்புக்கு நடுவில் அவளால் உண்மையிலேயே படிக்க முடிந்திருக்கக்கூடிய ஒரே வார்த்தையைத் தேடிப்பிடித்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் அழகுணர்ச்சியை ஒட்டிவைத்திருக்கிறேன்.

"உன் மேல தப்பே இல்லடா. உன் பேர் அதுல இல்லவே இல்லை. நான்தான் மாத்திட்டேன். நீ சரியாத்தான் தேடியிருக்கே."

"ஏன் மாத்துனீங்க? நான் நல்லாத்தானே பேசுனேன்?"

எத்தனையோ வருடமாக வாராவாரம் எழுதுகிறவள் நான். அவள் விரலில் சுற்றியிருந்த நூலைப் பிரித்துவிடத்தான் எனக்குத் தெரிந்தது. அவளே கேட்டாள்.

"இந்த வாட்டி போடுவீங்களா?"

செல்வியைப் பார்த்தேன். மிதித்துக்கொண்டே சரி என்று தலையை ஆட்டினார்.

இதை எழுதும் இந்த நிமிடம்வரை வகுப்பு திரும்ப ஆரம்பிக்கவில்லை. கரஸ்பாண்டெண்ட் என் போனை எடுப்பதில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போய் நிற்பேன், காபி குடிக்க மாட்டேன். இந்தப் பத்தியை அவர் பெரிது பண்ணி போர்டில் ஒட்டப்போவதில்லை என்பதால், பேப்பரை நானே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கப்போகிறேன்.

இதுவரை எழுதிய எதையும் அவளால் படிக்க முடியாது. அதெல்லாம் உங்களுக்கும் எனக்கும். கடைசி வரி மட்டும் அவளுக்கு; அது அவளுடைய சொந்தப் பெயர். கொஞ்சம் பெரிய எழுத்தில், தனியாகப் போடச் சொல்லி ஆசிரியரிடம் கெஞ்சியிருக்கிறேன்.

விரலை வெச்சுக்கோ கண்ணு.

பவானி.