பிரேமா என்று நான் எழுதிய பெயர்

ஆடிட்டர் மேசை மேல் இரண்டு காகிதங்களைப் அருகருகே வைத்தார். ஒன்று எங்கள் கம்பெனியின் பர்சனல் ஃபைல். அதில் பெயர் பிரேமா, வேலை ஸ்டிச்சிங் லைன் சூப்பர்வைசர், சர்வீஸ் பத்தொன்பது வருடம். இன்னொன்று அந்தப் பெண்ணே பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்த ஆதார் அட்டை. அதில் பெயர் குப்பம்மாள்.

"ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் வேலை செய்றாங்களா?" என்று கேட்டார்.

ஆம்பூருக்கு வெளியே ஹைவேயை ஒட்டி இருந்தது எங்கள் ஷூ கம்பெனி. அங்கே டைம் ஆபீஸில் முப்பது வருடம் வேலை செய்து போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். ஆள் சேர்ப்பது, ஃபைல் எழுதுவது, ஐடி கார்டு போடுவது எல்லாம் என் பொறுப்பு. வெளிநாட்டு பையர்கள் பெரிய ஆர்டர் கொடுக்கும் முன் ஆடிட்டரை அனுப்புவார்கள். அவர் ஏதாவது இருபது ஃபைல்களை உருவி, அந்த ஆட்களை நேரில் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். ஆள்மாறாட்டம் என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் ஆர்டர் போய்விடும். மறுநாள் மதியம் வரை எங்களுக்கு நேரம் கொடுத்தார்.

ஆடிட்டர் வெளியே போனதும் ஹெச்.ஆர். மேனேஜர் ஜி.எம்.மிடம் சொன்னார்: "ரிசிக்னேஷன் வாங்கிடலாம் சாப். நாளைக்கே குப்பம்மாள்னு புது ஆளா சேர்த்துக்கலாம். பேப்பர் கிளீனா இருக்கும்."

புது ஆள் என்றால் மறுபடி ஹெல்பர், மறுபடி ட்ரெய்னிங். நாற்பது பேர் கொண்ட லைனை நடத்துகிறவள், நூல் வெட்டுகிற இடத்தில் போய் உட்கார வேண்டும். அவள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

ஜி.எம்.மை எல்லோரும் சாப் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஃபைலைப் புரட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இது யாரு எழுதனது வசந்தாம்மா?"

"நான்தான் சாப்."

"அந்தம்மா பொய்ப் பேரு குடுத்தாங்களா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு அதோடு முடிந்திருக்கும். சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

அவள் சேர வந்த அன்று கேட்டுக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். இவள் முறை வந்ததும் "பேரு?" என்றேன். "குப்பம்மா" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற பெண்களும் சிரித்தார்கள். "இந்தக் காலத்துல இன்னாமா இப்டி ஒரு பேரு? வேற பேரு இல்லியா?" என்றேன். அவளும் சிரித்தாள். "பிரேமான்னு எழுதிக்கோங்க மேடம்" என்றாள். எழுதினேன். அப்போதெல்லாம் வயசுக்கு ஒரு டாக்டர் சர்டிஃபிகேட் இருந்தால் போதும். வேறு பேப்பர் கேட்க மாட்டோம். பின்னாளில் ஆதார் ஜெராக்ஸ் கேட்டபோதெல்லாம் "நாளைக்கு எடுத்தாறேன்" என்பாள். காரணம் தெரிந்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

மேனேஜர் என்னை முறைத்தார். சாப் ஃபைலை மூடி வைத்தார்.

"எங்க சாச்சா, அப்பாவோட தம்பி, அவரு பேரு ஃபக்கீர்" என்றார். "ஃபக்கீர்னா பிச்சை எடுக்கறவன். அவருக்கு முன்னாடி பொறந்த மூணும் தங்கல. அதனால அவங்கம்மா ஏழு வீட்ல துணி கேட்டு வாங்கி, ஒட்டுப் போட்டு சட்டை தெச்சி மாட்டி, இந்தப் பேரு வெச்சாங்க. தோல் மண்டி நடத்தி நல்லா இருந்த மனுஷன். கடைசி வரைக்கும் அந்தப் பேர்லதான் கையெழுத்து." பிறகு என் பக்கம் திரும்பினார். "ரிசிக்னேஷன் எல்லாம் வாணாம். ரெண்டு பேரும் ஒரே ஆள்னு ப்ரூஃப் எடுத்துனு வாங்க. எழுதனது நீங்க. நீங்களே போங்க."

அவள் படித்தது பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி. அன்றைக்கே இரண்டு பேரும் பஸ் ஏறினோம். பாதி வழியில் நான்தான் கேட்டேன்.

"உங்க வீட்லயும் சாப் சொன்ன மாதிரிதானா?"

"அதே கததான் மேடம். எனக்கு முன்னாடி ரெண்டு பசங்க, ஒரு பொண்ணு. ஒண்ணுகூட நாப்பது நாள் தாண்டல. நான் பொறந்ததும் எங்கம்மா என்னைக் குப்பமேட்ல போட்டுப் பொரட்டி வுட்டுட்டு வந்துட்டாங்களாம். பக்கத்து வூட்டு அத்தை போயி எடுத்துனு வந்தாங்க. அவங்க கிட்ட ஒரு மொறம் தவிடு குடுத்து எங்கம்மா என்னை வாங்கிக்கினாங்க. சாவு வந்து பாத்தா, இது குப்பை, நமக்கு எதுக்குன்னு வுட்டுட்டுப் போயிடணுமாம்."

கதை சொல்லும் குரல் இல்லை. லைனில் எத்தனை ஜோடி முடிந்தது என்று சொல்வாளே, அந்தக் குரல்.

பள்ளியில் தலைமை ஆசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. ஒரு மணி நேரம் தேடினோம். குப்பம்மாள், அப்பா பெயர், பிறந்த தேதி எல்லாம் இருந்தன. ஆனால் இந்தக் குப்பம்மாள்தான் எங்கள் பிரேமா என்று அதில் எங்கே இருக்கிறது? அப்போது தலைமை ஆசிரியை கடைசிக் கட்டத்தைக் காட்டினார். அங்க அடையாளம்: இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு.

பையில் இருந்த எங்கள் ஃபைலைப் பிரித்தேன். சேரும்போது கம்பெனி டாக்டர் எழுதிய மெடிக்கல் ஃபாரம் அதில் இருந்தது. அதே இடது முழங்கை, அதே தழும்பு. அவள் ஜாக்கெட் கையை மேலே தூக்கிக் காட்டினாள். தலைமை ஆசிரியை பார்த்துவிட்டு, ஒரு சான்று எழுதி, கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் சொன்னேன்: "அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா. மன்னிச்சிடு."

அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சிரிச்சது பெருசில்ல மேடம். உங்களுக்கு அதோட அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நானும் கூட சேந்து சிரிச்சேன். எங்கம்மா இருந்த வரைக்கும் கம்பெனில எனக்கு வேற பேருன்னு அவங்க கிட்ட சொல்லவே இல்ல."

மறுநாள் ஆடிட்டர் பள்ளிச் சான்றையும் மெடிக்கல் ஃபாரத்தையும் ஒப்பிட்டார், கையையும் பார்த்தார். பெயரைத் தவறாகப் பதிந்தது நான் என்று நான் எழுதிக் கொடுத்த கடிதத்தையும் சேர்த்துக்கொண்டார். "ரெகார்டு தப்பு, ஆள் சரி" என்று முடித்துவிட்டார். ஆர்டர் வந்தது. எனக்கு ஒரு மெமோ வந்தது. சர்வீஸில் நான் வாங்கிய ஒரே மெமோ அதுதான். வாங்க வேண்டியதுதான் என்று கையெழுத்துப் போட்டேன்.

கார்டில் எந்தப் பெயர் போடுவது என்று மேனேஜர் கேட்டார். வேண்டுமானால் கெஜட்டில் கொடுத்து பிரேமா என்றே மாற்றிக்கொள்ளலாம் என்றார். அவள் இரண்டு நாள் டைம் கேட்டாள். மூன்றாம் நாள் வந்து, "குப்பம்மாள்னே போடுங்க" என்றாள். லைனில் பழக்கதோஷத்தில் இன்றும் பிரேமாக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதற்கும் திரும்பிப் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகு டீ டைமில் பெயர்களைப் பற்றிக் கேட்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஃபினிஷிங்கில் நன்னி பீ என்று ஒருவர். வயது ஐம்பத்தாறு. நன்னி என்றால் உருதுவில் பொடிசு என்று அவரே சொல்லிச் சிரித்தார். கட்டிங்கில் ஒருவர் பெயர் பள்ளிகொண்டான். ஊர்ப் பெயர் என்று நினைத்து அதை நான் முகவரிக் கட்டத்தில் எழுதியிருக்கிறேன். படுத்திருக்கும் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை அவர்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் சோளிங்கர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்தாள். பெயரைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு "வேண்டா" என்றாள்.

வேலை வேண்டாம் என்கிறாளோ என்று ஒரு கணம் நினைத்தேன். பெயரே அதுதான். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், போதும், இனிமேல் பெண் வேண்டாம் என்று வைத்தார்களாம்.

"வேற பேரு எழுதலாமா மேடம்?" என்றாள்.

குப்பம்மாள் கதையை இவளிடம் சொல்லி, பெயரை வைத்துக்கொள் என்று புத்தி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெயர் பிள்ளையைக் காப்பாற்ற வைத்தது. இது அப்படி இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது அந்தப் பெயரோடு வாழ்கிறவர் முடிவு. எழுதுகிறவர் வேலை அதைச் சரியாக எழுதுவது மட்டும்தான்.

"இப்ப ஆதார்ல இருக்கற மாதிரிதான் எழுதணும்மா" என்றேன். "மாத்தறதுக்கு வழி இருக்கு. அந்த ஃபாரத்தை நானே ஃபில்லப் பண்ணித் தர்றேன். இன்னா பேரு வேணும்?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். யோசிக்கவே இல்லை, ரொம்ப நாளாக வைத்திருந்த பெயர் போலிருக்கிறது.

"கயல்விழி" என்றாள். "ழி மேடம். ளி போட்டுடாதீங்க."

எழுதி, தாளை அவள் பக்கம் திருப்பி, படித்துப் பார்க்கச் சொன்னேன்.