மூன்றாவது மெமோ

ஹில்டா தனசிங் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாகச் சமூகவியல் நடத்துகிறார். இதுவரை மூன்று மெமோ. முதலாவது, கை முறிந்த மாணவிக்கு வாய்மொழியாகத் தேர்வு வைத்ததற்கு. இரண்டாவது, முதல் மெமோவுக்கு அரைப் பக்கத்தில் பதில் எழுதியதற்கு. மூன்றாவது இந்தப் பருவத்தில் வந்தது.

கட்டுரைக்குப் பதில் 'உங்கள் தெரு' என்று ஒரு வேலை கொடுத்தார். வீடியோ, வரைபடம், குரல்பதிவு, யாருக்கு எது முடியுமோ அது. கையிலிருக்கும் போன் போதும். இருபத்தைந்து மதிப்பெண்.

ஸ்டெபினுக்குப் பார்வை கிடையாது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருகிறவன். எட்டு நிமிடம் பதிவு செய்து அனுப்பினான். நடைபாதையில் கைத்தடி தட்டுகிறது. தட்டல் நிற்கிறது. "இங்க பைக் நிறுத்தியிருக்காங்க. இனிமே ரோட்டுலதான்." பிறகு நான்கு நிமிடம் ஹாரன் மட்டும். செம்பாக்கம் வீட்டில் உட்கார்ந்து கேட்ட ஹில்டா இருபத்துமூன்று போட்டார்.

துறைத் தலைவர் கஸ்தூரிரங்கன் அதை அடித்துப் பூஜ்யம் ஆக்கினார்.

"ஃபைல்ல பேப்பர் இல்லையே மேடம். ஆடியோவை எப்படி பஞ்ச் பண்ணிக் கோக்கறது?"

"காதால கேட்கலாம் சார்."

"தர ஆய்வுக் கமிட்டி வந்தா காதையா காட்டுவேன்? யாரையாவது வெச்சு நாலு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

"அவன் செஞ்சதுக்குப் பூஜ்யம். இன்னொருத்தன் எழுதினா மார்க்கா?"

பூஜ்யம் என்றால் ஸ்டெபின் பருவத் தேர்வு எழுத முடியாது. மதிப்பெண் பதிவு மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பூட்டப்படும்.

மறுநாள் மதியம் கஸ்தூரிரங்கனே தேடி வந்தார்.

"மேடம், கமிட்டி ஃபைல்ல 'அனைவருக்குமான கற்றல்'னு ஒரு பக்கம் காலியா இருக்கு. அந்தப் பையனுக்கு ஹெட்போன் மாட்டி ஒரு போட்டோ எடுத்துடலாம். நீங்க பக்கத்துல சிரிச்சுக்கிட்டு நில்லுங்க. நாலு மணிக்கு ஆள் வருவான்."

ஹில்டாவுக்குக் காது மடல் கொதித்தது. அதே பையன். பூஜ்யம் வாங்கிய அதே வேலை.

"முதல்ல மார்க் சார்."

சரி, மூன்றரைக்குப் போட்டுவிடலாம் என்று அவர் முனகிக்கொண்டே போனார். ஹில்டா ஸ்டெபினைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"போட்டோவா மேம்? நான் நல்லா விழுந்திருக்கேனான்னு எனக்கு யார் சொல்லுவா?"

"நீ எடுத்துக்கவே வேணாம். மூணு பத்து ட்ரெயினைப் பிடி."

மூன்றரைக்குக் கஸ்தூரிரங்கன் கணினி முன் உட்கார்ந்து இருபத்துமூன்று என்று அடித்தார். ஹில்டா பின்னால் நின்று பார்த்தார். பூட்டும் பொத்தானையும் அழுத்தவைத்தார்.

"சரி, பையன் எங்க?"

"வீட்டுக்குப் போயிட்டான் சார். நான்தான் அனுப்பினேன்."

"அப்போ போட்டோ?"

"ரெக்கார்டிங் இருக்கு. எட்டு நிமிஷம்தான். இப்பவாவது கேட்கறீங்களா?"

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் காலை மெமோ வந்தது. ஏ4 தாளில். ஃபைலில் கோக்க வசதியாக ஏற்கெனவே இரண்டு துளை போட்டிருந்தது.