பத்து நிமிஷம் ஆனால் கத்து

என் அண்ணி பல் செய்கிறவர். பிடுங்குகிறவர் இல்லை, செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மெழுகில் செதுக்கி, பிளாஸ்டரில் பதித்து, அசல் பல்லே வெட்கப்படும்படி ஒரு செட் பல்லை டப்பாவில் போட்டு அனுப்பும் லேபில் பன்னிரண்டு வருஷமாக வேலை. தெருவில் யாராவது சிரித்தால் நமக்குச் சிரிப்புத் தெரியும். அண்ணிக்கு மேல்வரிசையில் இடதுபக்கம் மூன்றாவது பல் தெரியும்.

அண்ணன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். கல்யாணம் ஆகும்வரை இருக்கிறேன் என்று சொல்லி அவர்கள் வீட்டுக்கு வந்தேன். ஆறு வருஷமாகிறது. கல்யாணமும் ஆகவில்லை, நானும் கிளம்பவில்லை. நாலாவது ஆள் அண்ணனின் மகள். பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் சுண்டு. பிறந்தபோது சுண்டுவிரல் மாதிரி இருந்தாளாம். இப்போது ஒன்பது வயது, வாய்க்கு மட்டும் நாற்பது.

அண்ணிக்கு எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் சின்ன வயசில் வந்ததில்லை. சுண்டுவுக்கு மூன்று வயதானபோது லேபில் பல் சுடும் அடுப்பு ஒருநாள் படுத்துவிட்டது. ரிப்பேர்காரர் வியாழக்கிழமைதான் வர முடியும் என்றுவிட்டார். ஏழு பேருடைய பல் வரிசையில் காத்திருந்தது. அண்ணி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின்மூடியைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒரு கம்பி விட்டுப்போய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அதை இருந்த இடத்திலேயே திருகி வைத்து மூடினார். அடுப்பு சூடேறியது. 'அட, இவ்வளவுதானா' என்று தோன்றியதாம். அடுத்த வாரமே கம்பியைப் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பு ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஹாலில் ஜன்னலோரம் இருந்த மேஜை அண்ணியுடையதாகிவிட்டது. முதலில் செய்தது காலிங் பெல். நன்றாகவே அடித்தது, ஆனால் ஃபிரிட்ஜ் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் அடித்தது. நாள் முழுக்கக் கதவைத் திறந்து வெறும் மாடிப்படியைப் பார்த்து 'வாங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். அடுத்தது, செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஞாபகப்படுத்தும் கருவி. செடி போய்ச் சேர்ந்த பிறகும் அது சமர்த்தாக ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது. மேல்மாடிக்காரர்கள் அண்ணிக்கு 'பஸர் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மேல்மாடி வரைக்கும் கேக்குதுன்னா பஸர்ல கோளாறு இல்லைன்னுதானே அர்த்தம்" என்றார்.

மகளுக்குப் புரோகிராம் எழுதச் சொல்லித்தர வேண்டும் என்பது அண்ணிக்குக் கொஞ்ச நாளாகவே ஆசை. அவரே புத்தகத்தைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டதுதான். கம்ப்யூட்டரில் பிள்ளைகளுக்கென்று இருக்கும் பாடம் ஒன்றைப் போட்டுக்காட்டினார். சொன்ன இடத்துக்கு ஒரு பூனை நடந்து போகும். சுண்டு பத்து நிமிஷம் பூனையை நடக்கவிட்டாள்.

"பூனை அங்க போயிடுச்சு. இப்ப என்ன?" என்று கேட்டாள்.

"இப்ப இந்தப் பக்கம் வரவைக்கலாம்."

"எதுக்கு?"

அண்ணி கம்ப்யூட்டரை அணைத்தார். பூனை அதோடு போயிற்று.

சுண்டுவுக்குப் புரோகிராம் வந்த வழி பாத்ரூம் வழி. எங்கள் வீட்டில் நாலு பேர், பாத்ரூம் ஒன்று. ஏழே முக்காலுக்குள் எல்லோரும் வெளியே கிளம்பியாக வேண்டும். அண்ணன் ஏழு மணிக்கு நாளிதழோடு உள்ளே போவார். அவர் செய்தி படிக்கப் போவதில்லை, பிழை பார்க்கப் போகிறார். கையில் பென்சில் வேறு. ஒற்று விடுபட்ட இடத்தையெல்லாம் வட்டம் போட்டு முடித்து அவர் வெளியே வரும்வரை நாங்கள் மூன்று பேரும் துண்டோடு வாசலில் தவம் கிடப்போம். ஒரே வாரத்தில் சுண்டு மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாள். டீச்சர் டைரியில் எழுதி அனுப்பிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை அண்ணன் அச்சகத்துக்குப் போனபிறகு அண்ணி பாத்ரூம் தாழ்ப்பாளில் ஒரு குட்டி சுவிட்சைப் பொருத்தி, ஹால் சுவரில் ஒரு சிவப்பு பல்பு வைத்தார். தாழ் போட்டால் பல்பு எரியும். ஓடிப்போய்க் கதவைத் தட்ட வேண்டாம், படுக்கையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம்.

சுண்டு பல்பைக் கொஞ்ச நேரம் முறைத்தாள். "உள்ள ஆள் இருக்குன்னு தெரியுது. எவ்வளவு நேரமா இருக்குன்னு தெரியலையேம்மா."

"அதுக்குக் கம்பி மட்டும் பத்தாது. அதுக்கு எழுதணும்."

"என்ன எழுதணும்?"

அண்ணி எதிர்பார்த்திருந்த கேள்வி. பூனை சாதிக்காததை அண்ணனின் நாளிதழ் சாதித்துவிட்டது. மேஜை டிராயரிலிருந்து கட்டைவிரல் அளவுக்கு ஒரு எலக்ட்ரானிக் பலகையை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார். "இது சொன்னதைச் செய்யும். சொல்லாத எதையும் செய்யாது. முதல்ல பேப்பர்ல நம்ம பாஷையில எழுது."

சுண்டு நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'தாழ் போட்டால் எண்ண ஆரம்பி. பத்து நிமிஷம் ஆனால் கத்து.'

"சரியா இருக்கான்னு ஓட்டிப் பார்க்கலாம். தம்பி, நீங்கதான் கம்ப்யூட்டர். இங்க வந்து நில்லுங்க" என்றார் அண்ணி.

நான் போய் நின்றேன். நாள் முழுக்க 'நான் சொல்றதை மட்டும் செய்யுங்க, சொந்தமா எதுவும் யோசிக்காதீங்க' என்று ஸ்டியரிங் பிடித்தவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறவன் நான். சொன்னதை மட்டும் செய்வது எப்படி என்று காட்ட ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பத்து நிமிஷத்தைப் பத்து நொடியாகச் சுருக்கிக்கொண்டோம். சுண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். நான் பத்துவரை எண்ணி, 'ஆ' என்று கத்த ஆரம்பித்தேன்.

சுண்டு வெளியே வந்தாள். நான் நிறுத்தவில்லை.

"வந்துட்டேன் சித்தப்பா."

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கத்தினேன். மேல்மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அம்மா, சித்தப்பா ஏன் நிறுத்த மாட்டேங்கறாங்க?"

"எப்ப நிறுத்தணும்னு நீ எழுதலையே."

அவள் பாய்ந்துபோய்ப் பேப்பரை எடுத்தாள். 'தாழ் திறந்தால் கத்துவதை நிறுத்து' என்று எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நிறுத்தினேன். மறுபடி உள்ளே போய்த் தாழ் போட்டாள். இந்த முறை நான் பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டு போனேன். எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லி எழுதவில்லையே. சுண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்று மத்தியானம் முழுக்க என்னை ஓட்டி ஓட்டிப் பேப்பரில் ஏழு வரி தேறியது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழு வரியைப் பலகைக்குப் புரியும் பாஷையில் அம்மாவும் மகளும் கம்ப்யூட்டரில் தட்டினார்கள். பலகையில் ஏற்ற மாட்டேன் என்று கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. பிழை இருக்கிறது என்றது, எங்கே என்று சொல்வதில் மட்டும் குழப்பியது. அண்ணி புத்தகத்தைப் புரட்டினார். சுண்டுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் காபி டம்ளரோடு அந்தப் பக்கம் போனார். கண் தானாகத் திரையில் விழுந்தது. முப்பது வருஷப் பழக்கம்.

"ஆறாவது வரி முடிவுல ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சு."

"உங்களுக்கு இது புரியுதாங்க?" என்றார் அண்ணி.

"ஒரு எழுத்தும் புரியலை. மத்த எல்லா வரியும் அரைப்புள்ளியில முடியுது, இது மட்டும் அம்போன்னு நிக்குது."

சுண்டு அரைப்புள்ளி வைத்தாள். புரோகிராம் சாதுவாக ஏறிக்கொண்டது. அண்ணனுக்கு ஏக சந்தோஷம். பத்திரிகைக்காரர்களெல்லாம் அரைப்புள்ளியைக் கைகழுவிவிட்ட காலத்தில் இதற்காவது அதன் அருமை தெரிகிறதே என்று அரைமணி நேரம் பேசினார். அது எதற்கான கருவி என்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு பத்துக்கு, பல்புக்குக் கீழே புதிதாக மாட்டியிருந்த பெட்டியிலிருந்து பஸர் கத்தியபோது அவருக்கே தெரிந்தது. பாதிக் கன்னத்தில் நுரையும் கையில் நாளிதழுமாக அண்ணன் வெளியே வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அண்ணி அடுக்களைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

"இதுக்குத்தான் என்னை அரைப்புள்ளி வைக்கச் சொன்னீங்களா?"

"யாரும் சொல்லலைங்க. நீங்களாத்தான் வச்சீங்க."

அந்த வாரமும் அடுத்த வாரமும் யாரும் எங்கும் தாமதமாகப் போகவில்லை. மூன்றாவது வாரம் ஒருநாள் நான் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே சுண்டு பாடிக்கொண்டிருந்தாள். சிவப்பு பல்பு எரிகிறது, பஸர் மட்டும் பேசவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிஷம்.

"அண்ணி, உங்க பெட்டி ரிப்பேர்" என்றேன்.

சாயங்காலம் அண்ணி பெட்டியைக் கழற்றி ஒவ்வொரு இணைப்பாக மீட்டர் வைத்துப் பார்த்தார். எல்லாம் கச்சிதம். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து புரோகிராமைப் படித்தார். ஏழு வரி பன்னிரண்டு வரியாகியிருந்தது. ஒரு நொடிக்குள் தாழைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டால் எண்ணாமல் சும்மா இரு என்று புது வரிகள் சொல்லின.

அண்ணி அந்த வரிகளை மறுபடி ஒருமுறை படித்தார். முகத்தில் ஒன்று வந்து ஒன்று போனது. பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "இதை நான் சொல்லித்தரலை தம்பி. எனக்கே இது உடனே தோணியிருக்காது" என்றார். உதட்டை இழுத்து இறுக்கிக்கொண்டுதான் மகளைக் கூப்பிட்டார்.

"இது என்ன வரி?"

சுண்டு திரையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "அது... என்னோட வரி."

"நமக்குச் சட்டம் போட்டுட்டு அவளுக்கு மட்டும் கொல்லைப்புறக் கதவு வச்சிருக்கா" என்றார் அண்ணன். சொல்லும்போதே அவருக்கும் வாய்க்கோணத்தில் சிரிப்பு.

தண்டனை என்று அண்ணி பெரிதாக ஒன்றும் தரவில்லை. பன்னிரண்டு வரியையும் ஒவ்வொன்றாக எங்கள் எல்லோருக்கும் படித்துக்காட்டி விளக்க வேண்டும், அதற்கப்புறம் கள்ள வரிகளை அவளே அழிக்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தோம். சுண்டு அளவுகோலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். எனக்கு அன்றுதான் அந்தப் பெட்டிக்குள் நடப்பது முழுசாகப் புரிந்தது. அண்ணன் பாதியில் கையைத் தூக்கினார்.

"பத்து நிமிஷம்னு யார் முடிவு பண்ணினது?"

"நான்தான்."

"யாரையாவது கேட்டியா?"

கேட்கவில்லை. சுண்டு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து கேட்டாள். அண்ணனுக்குப் பதினைந்து நிமிஷம், அதற்குக் குறைத்தால் பிழை பார்க்க முடியாதாம். எனக்குப் பன்னிரண்டு. கண்ணாடி முன்னால் எதற்கு இவ்வளவு நேரம் என்று அவள் துணைக்கேள்வி போட்டதும் நான் பேச்சை அண்ணி பக்கம் திருப்பிவிட்டேன். அண்ணிக்கு ஆறு. அவளுக்குப் பதினைந்து, பாட்டையும் சேர்த்து. கூட்டினாள்.

"நாற்பத்தெட்டு. ஆறரைக்கு ஆரம்பிச்சா ஏழு பதினெட்டுக்கு எல்லாரும் வெளியில."

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏழு மணிக்கு எல்லோரும் ஒரே கதவில் முட்டிக்கொண்டதுதான் விஷயம். ஆறரைக்கு எழுந்து முதலில் போவது யார் என்பதில் மட்டும் கொஞ்சம் பேச்சு முற்றியது. கடைசியில் அண்ணன் ஒத்துக்கொண்டார், பேப்பர் அதற்கு முன்பே வந்துவிடுகிறது என்பதால். இப்போது யார் போகிறார்களோ அவர்கள் கதவருகே தங்கள் பொத்தானை அழுத்திவிட்டுப் போக வேண்டும். நாலு பொத்தானையும் அண்ணி பொருத்தினார், நாலு பேர் நேரத்தையும் சுண்டு எழுதினாள். பஸர் பேசியே ரொம்ப நாளாகிறது.

போன லீவில் அண்ணி மகளை லேபுக்கு அழைத்துக்கொண்டு போனார். அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் இறுகும்வரை அங்கே வேலை பார்க்கும் நாலு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், சிலசமயம் மறந்தும் போவார்கள். மேஜைக்கு ஒரு பெட்டி செய்து வைக்கலாம் என்று இருவருக்கும் யோசனை. சுண்டு ஒவ்வொரு மேஜையாகப் போய், "உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டாளாம். அங்கே பல வருஷம் வேலை பார்த்த ஒருவர், "இறுகற வரைக்கும்மா" என்றிருக்கிறார்.

"அது நம்பர் இல்லையே அங்கிள்."

அவர் அச்சை அவள் பக்கம் நகர்த்தினாராம். சுண்டு அவர் மேஜை பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பிளாஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாளாம்.

சாயங்காலம் நான்தான் டிரைவிங் ஸ்கூல் காரில் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் ஒரே வாக்குவாதம். குளிர் நாளில் பிளாஸ்டர் மெதுவாகத்தான் இறுகும், அதனால் சூடு பார்க்கும் கருவி ஒன்றையும் சேர்த்தாக வேண்டும் என்கிறாள் மகள். முதலில் நேரத்தை மட்டும் எண்ணிப் பழகு, மற்றதெல்லாம் பிறகு என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்டார்கள். நான் யோசித்துக்கொண்டே வந்ததில், திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டிருந்தேன்.