கழற்றி மாட்டும் பல்

அம்மாவுக்கு மேல்வரிசை முன்பற்கள் போனபோது, பல் கட்டுவதைப் பெரிய காரியமாக நான் நினைக்கவில்லை. சர்க்கரை வியாதியில் ஈறு கெட்டு, ஒவ்வொன்றாக ஆடி, ஒவ்வொன்றாகப் பிடுங்கியாயிற்று. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் அவள் வயதில் பல் கட்டாதவர்கள்தான் குறைவு. போனோம், அளவு கொடுத்தோம், மாட்டினோம் என்று முடித்துவிட்டு நான் வேலைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறவளுக்கு அரை நாள் லீவு கிடைப்பதே பெரும்பாடு. அம்மாவோ கோரிமேட்டுச் சாலையில் இருந்த பல் கிளினிக் வாசல்வரை வந்துவிட்டுச் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்றாள்.

"கழட்டி மாட்ற செட்டுன்னா நான் உள்ளயே வரல. இப்பவே சொல்லிட்டேன்."

காரணம் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் கோபம் வந்தது.

அப்பா செட் பல் வைத்திருந்தார். மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்தே. பெற்ற பிள்ளை நான், அவரைப் பல் இல்லாமல் ஒரு நாளும் பார்த்ததில்லை. குழாயடியில் முதுகைக் காட்டி நின்றுதான் அதைக் கழுவுவார். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் போடும் முன் செட்டைக் கழற்றி, மூக்குக் கண்ணாடி, லுங்கியோடு ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பை எங்களிடம்தான் இருந்தது. அவர் போன பிறகு அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

குளிப்பாட்டி, வேட்டி கட்டி, தாடை தொங்காமல் நாடிக்கட்டுப் போட்டு, வாசலில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். கன்னம் இரண்டும் ஒட்டிப்போய், உதடு உள்ளே மடிந்து, மூக்கு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. கிராமத்திலிருந்து அலறிக்கொண்டு வந்த அத்தை, பெட்டிமேல் விழப் போனவள், அப்படியே நின்றுவிட்டாள். "இது எங்க அண்ணன் மொகமே இல்லியே" என்றாள். அழ வந்தவளுக்கு அழுகை வரவில்லை. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது அம்மா போட்டாள். ஆனால் கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குரல் கொடுத்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரியமெல்லாம் முடிந்து பையைத் திறந்தபோதுதான் லுங்கி மடிப்பிலிருந்து பல் செட் விழுந்தது. அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் அவளுக்குக் கழலாத பல் வேண்டும். சோறு மெல்லுவதற்காக இல்லை.

ஒருவழியாக உள்ளே இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் சின்னப் பெண். பொறுமைசாலி. எக்ஸ்ரே எடுத்து, வாயைத் திறக்கச் சொல்லித் தட்டிப் பார்த்து, எல்லாவற்றையும் விளக்கினாள். இருக்கிற பற்களைச் சீவி, அவற்றின்மேல் தொப்பி மாதிரி மாட்டிச் சேர்த்துக் கட்டுவது பிரிட்ஜ். ஆனால் அம்மாவுக்குப் பக்கத்துப் பற்களே ஆட்டம் கண்டிருந்தன, பாரம் தாங்காது. தாடை எலும்பில் திருகாணி இறக்கி அதன்மேல் பல் வைப்பது இம்ப்ளான்ட். அதற்குச் சர்க்கரை கட்டுக்குள் வரவேண்டும், எலும்பும் வேண்டும். அம்மாவுக்கு எலும்பு கரைந்து மெலிசாகிவிட்டிருந்தது.

"சர்க்கரைய இறக்கிக் காட்டுங்கம்மா. அப்புறம் பாக்கலாம். ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்றாள் டாக்டர்.

அதன்பிறகு அம்மா இருந்த இருப்பைப் பார்த்தால் வயிறு எரியும். சோற்றை நிறுத்தினாள். ஏற்கெனவே மெல்ல முடியாமல் இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தவள், அதிலும் பாதியாக்கினாள். ஜாக்கெட் தோளில் நிற்காமல் வழிந்தது. "உயிரோட இருக்கறப்ப சாப்பிடறதுக்கு இல்லாம, செத்ததுக்கப்புறம் அழகா படுத்துக்கறதுக்கா பல்லு?" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

"நீ வாய்க்கரிசி போட்டியா? நான் போட்டேன். அது யாரு வாயின்னே தெரியலடி எனக்கு" என்றாள்.



மறுபடி போனபோது சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருந்தது, போதவில்லை. டாக்டர் தலையை ஆட்டினாள். திருகாணி பிடிக்காது, புண் ஆறாமல் போனால் உள்ளதும் கெடும் என்றாள். கழற்றி மாட்டுவதுதான் ஒரே வழி. நான் அம்மாவைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. உசுரு போனப்புறம் அந்த செட்ட மாட்ட முடியுமா?"

டாக்டர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"முடியும்மா" என்றாள். "ஆனா சீக்கிரம் மாட்டிடணும். கொஞ்ச நேரத்துல தாடை இறுகிடும். அப்புறம் வாயத் தெறக்க முடியாது."

"அவ்ளோதானே. இவ பக்கத்துலதான் இருப்பா. அளவு எடுத்துக்குங்க."

பல் வந்தது. வாயில் தங்க நாளாயிற்று. கம்பி ஈறில் குத்துகிறது என்று இருமுறை போய் ராவிக்கொண்டு வந்தோம். பிறகு சோறு தின்றாள், முறுக்கைக்கூடக் கடித்தாள். எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. அவளுக்கு அது போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டிருந்தாள்.

"ராத்திரியில இத கழட்டித்தானே வெக்கறேன். தூக்கத்துல போயிட்டா நீதான் மாட்டணும். இப்ப மாட்டிப் பாரு."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

கண்ணை மூடி, தாடையைத் தொங்கவிட்டு, கையைக் காலை நீட்டிக் கிடந்தாள். மூச்சுகூட வெளியே தெரியாமல் விட்டாள். கன்னம் குழிந்து கிடந்தது. எனக்குப் பயம் வந்தது. கையைக் கழுவிவிட்டுச் செட்டை எடுத்தேன். உதட்டை விரலால் தூக்கிப் பிடித்து உள்ளே நுழைத்தபோது கம்பி ஈறில் இடித்தது. வலித்திருக்கும். அவள் முனகவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. கட்டைவிரலை அண்ணத்தில் வைத்து மேலே அழுத்தினேன். அது போய்ப் பொருந்தியது. உதடு எழும்பியது. என் அம்மாவின் முகம் வந்தது.

"அம்மா" என்றேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை. "எழுந்திரும்மா, போதும்." என் கண்ணீர் அவள் கழுத்தில் சொட்டியது. அப்போதுதான் கண்ணைத் திறந்தாள். கோபமாகவே பார்த்தாள். பல்லை அவளே கழற்றி என் கையில் திரும்பக் கொடுத்தாள்.

"அழுதா கை நடுங்குது பாரு. மொதல்ல பல்ல மாட்டு. அப்புறமா அழுதுக்கலாம்."