குளக்கரையில் ஒரு பொன்னாடை

அப்பாவின் தோளில் அந்தப் பொன்னாடை விழுந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. மூன்றாவது வரிசையில் எங்கள் பள்ளி டிராயிங் மாஸ்டர் உட்கார்ந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அவரும் கை தட்டிக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு தை மாதம். பாளையங்கோட்டைக்கு வெளியே இருந்த அந்தக் குளத்தை ஊர் இளைஞர்கள் சீமைக் கருவேலத்தை வெட்டி, குப்பையை அள்ளி, வாய்க்காலைத் திறந்து உயிர்ப்பித்திருந்தார்கள். ஆற்றுத் தண்ணீர் வந்ததும் நாரைகள் வந்தன, கூழைக்கடா வந்தது. பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம் என்று பலகை வைத்து, அன்று ஒரு சிறு விழா. இருபது வருஷத்துக்கு முன்னால் அங்கே வருவாய்த் துறை அதிகாரியாக இருந்தவர் என்று அப்பாவை அழைத்திருந்தார்கள். துணைக்கு நான் போனேன்.

"அன்னைக்கு ஐயா மட்டும் ஒத்தையா நிக்கலன்னா, இந்தக் குளம் இன்னைக்கு பிளாட்டா போயிருக்கும்" என்று மைக்கில் ஒரு பையன் சொன்னான். குளத்துக்காக ஒரு சண்டை நடந்தது என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். எந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்பது இருபது வருஷத்தில் கலங்கிப்போயிருந்தது.

ஒற்றையாக நின்றவர் மாஸ்டர்தான். மண்ணடிக்க வந்த லாரிக்கு முன்னால் போய் நின்றார். லாரிக்கு அனுமதி கொடுத்தவர் அப்பா. போலீஸுக்குச் சொல்லி அனுப்பியவரும் அவரே. மாஸ்டரை ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அப்போது நான் அவரிடம் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் கசங்கிய சட்டையோடு வகுப்புக்கு வந்தவர், எப்போதும்போல என் நோட்டை வாங்கி, நான் போட்டிருந்த வாழைமரத்தின் நிழலைத் திருத்திக் கொடுத்தார். ஒரு வார்த்தை மாறிப் பேசவில்லை. வீட்டில் அப்பாவும் அதைப் பற்றிப் பேசவில்லை. பாதிக் குளம் தூர்ந்த பிறகு, பிளாட் போட்டவர்களுக்குள்ளேயே வழக்கு வந்து வேலை நின்றது. மிச்சம் அப்படித் தப்பியதுதான்.

இதையெல்லாம் அப்பா சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "ஏதோ என்னால முடிஞ்சது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விழா முடிந்து சுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா பொன்னாடையைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"மாஸ்டர், இது உமக்குச் சேர வேண்டியது" என்றார். "நான் செஞ்சது தப்பு வே."

மாஸ்டர் எழுந்து நின்றார். பொன்னாடையைத் தொடவில்லை. கோபமும் இல்லை அவரிடம். "சார், எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே சொல்லி என்ன செய்ய? மைக்கு அங்கனதான் இருக்கு" என்றார்.

அப்பா திரும்பி மைக்கைப் பார்த்தார். பையன்கள் இன்னும் ஒயரைச் சுருட்ட ஆரம்பிக்கவில்லை. நாலு எட்டில் போயிருக்கலாம். கூட்டமும் கலையவில்லை. பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "வெயில் ஏறுது. பைய வீட்டுக்குப் போவோம்ளா" என்றார்.

ஆட்டோவில் ஏறியதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். எல்லார் முன்னாலும் அவர் சொல்லாமல் வந்துவிட்டாரே என்ற நிம்மதி. வண்டி மெயின் ரோட்டில் திரும்பிய பிறகுதான், மாஸ்டருக்குச் சேர வேண்டியது சேராமல் போனதற்குத்தான் நான் நிம்மதிப்பட்டேன் என்பது எனக்கு உறைத்தது. அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவரும் என் பக்கம் திரும்பவில்லை.