வான்காரனும் என் மீன் கத்தியும்

பிள்ளைகளை ஏற்றிச்செல்லும் பள்ளிக்கூட வான்காரன் தன்னிடம் தவறாக நடந்ததை என் எட்டு வயது மகள் சொன்னதும், மீன் வெட்டும் கத்தியோடு உப்புவெளிச் சந்திவரை ஓடினேன். பக்கத்து வளவில் இருக்கும் சிறுவர் பாதுகாப்பு அலுவலர் துரத்திவந்து மறித்தார்.

“அவனை வெட்டிப்போட்டு நீங்க மறியல்ல கம்பி எண்ணினா, பிள்ளைக்கு ஆர் இருக்கிறது? கத்தியைத் தாங்கோ.”

மறுநாள் அவர் கூட்டிச்சென்ற சிறுவர் உதவி நிலையத்தில், மகள் அங்கு வேலை செய்யும் ஒரே ஒரு அக்காவிடம் நடந்ததை ஒரே ஒரு முறை சொன்னாள். பொலிசும் டாக்டரும் சட்டத்தரணியும் அடுத்த அறையிலிருந்து கேட்டார்கள். பிறகு யாரும் அவளைக் கிளறவில்லை. அவன் நழுவ ஓட்டையே இல்லாமல் எல்லோருமாக வழக்கைக் கட்டினார்கள்.

கத்தி மீன் வெட்டக் குசினிக்குத் திரும்பிவிட்டது. இப்போது ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் நீதிமன்றம் போய் முன்வரிசை வாங்கில் உட்காருகிறேன். கூண்டில் அவன் இன்னும் தலை நிமிரவில்லை. நிமிரும் நாளில் முதலில் என் முகம்தான் அவனுக்குத் தெரிய வேண்டும்.